ஆறு விரல் தவளை

தவளைக்குப் பெயர் வைத்த துரைமாரை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ‘ரானா’ என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று பயந்து பாடமாக்கினேன். கடைசியில் பார்த்தால் லத்தீனில் அதுவும் தவளைதான்! ‘பூஃபோ’ என்றால் தேரை. இதைச் சொல்லக் கப்பலேறி வர வேண்டுமா?

எல்லாவற்றிலும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது குளத்துப் பச்சைத் தவளையின் பெயர். ரானா ஹெக்சாடக்டைலா. கிரேக்கத்தில் ஹெக்சா என்றால் ஆறு, டாக்டைலோஸ் என்றால் விரல். அந்தத் தவளைக்கோ முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. பின்னங்காலின் உள்விரலோடு ஒட்டி ஒரு சிறு புடைப்பு இருக்கும். போத்தலுக்குள் ஊறிய பிணத்தைப் பார்த்துப் பெயர் வைத்த துரை அதையும் விரலென்று எண்ணியிருப்பார் என்பது என் ஊகம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். கணவரும் இரண்டு வயது மகளும் முள்ளியவளையில் இருந்தார்கள். சனிக்கிழமை பஸ் ஓடினால் போய்ப் பார்ப்பேன், வீதியில் வெள்ளம் ஏறினால் அதுவும் இல்லை. முள்ளியவளைக்கு மாற்றம் கேட்டிருந்தேன். பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் வித்தியாதரிசியின் சிபாரிசு மட்டும்தான் பாக்கி.

அவர் பாடம் பார்க்க வந்த அன்று தவளைப் பாடம். மேசையில் தண்ணீர் ஊற்றிய பேசினுக்குள் தவளை உயிரோடு இருந்தது. கரும்பலகையில் அதன் விஞ்ஞானப் பெயரையும், கீழே ‘பின்னங்காலில் ஐந்து விரல்’ என்றும் எழுதியிருந்தேன். கதிரையிலிருந்து எழும்பினார் மனிதர்.

“பிள்ளை, ஹெக்சா எண்டால் எத்தினை?”

“ஆறு, சேர்.”

“பிறகென்ன ஐஞ்செண்டு எழுதியிருக்கிறீர்?”

“தவளைக்கு ஐஞ்சுதான் சேர். எண்ணிப் பாருங்கோ.”

பேசினை அவர் பக்கம் தள்ளினேன். அவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். தவளையைத் தொடப் பயம்! சீ, இதுவும் ஒரு படிப்பு!

“வெள்ளைக்காரன் என்ன விசரனே, எண்ணாமல் பேர் வைக்க? ஆறெண்டு திருத்தும்!”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். இவர் முயலைப் பிடிக்கவுமில்லை.

தலைமை ஆசிரியர் என் காதோரம் வந்து குனிந்தார். “எழுதிவிடும் பிள்ளை. அவர் போனாப்பிறகு அழிக்கலாந்தானே. உமக்கு மாற்றம் வேணுமோ, வேண்டாமோ?”

வேணும். வேண்டாமல் என்ன? மகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. வெண்கட்டியையும் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் பேசினைச் சுற்றி நின்ற பிள்ளைகள் சற்று முன்னர்தான் தாங்களே தொட்டு எண்ணி ஐந்தென்று சொன்னவர்கள். அவர்களுக்கு முன்னால் ஆறென்று எழுத எனக்குக் கை வரவில்லை.

“ஐஞ்சுதான் சேர்” என்றேன்.

‘பணிவு போதாது’ என்று அறிக்கை எழுதினாராம். தவளைக்குப் பயந்த மனிதருக்கு என்னில் குறை பிடிக்கப் பயமிருக்கவில்லை. மாற்றம் கிடைக்கவில்லை.

அந்த மாரி முழுவதும் வீதி வெள்ளத்தில் கிடந்தது. தை பிறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் முள்ளியவளைக்கு ஓடினேன். குசினியில் மகளுக்குச் சோறு குழைத்துத் தீத்தப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். அயலவர் என்னை அழைக்கும் சொல்தான் அவளுக்கும் தெரிந்திருந்தது. தகப்பனின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“அப்பா, ரீச்சர் எப்ப போறா?”