கவிழ்த்து வைத்த கேன்

என் பெட்ரோல் பங்க் வட்டக்கோட்டைக்குத் திரும்பும் சாலைக்குச் சற்று முன்னால் இருந்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் போகும்போதும் நிறுத்தமாட்டார்கள், திரும்பும்போதும் நிறுத்தமாட்டார்கள். நாகர்கோவிலிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிற கூட்டம் அது. ஒரு வண்டி வந்து போன பிறகு அடுத்த வண்டி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பழைய நாட்குறிப்பின் காலிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். ஆடி மாதத்துக் காற்றில் நாற்பத்தேழு நிமிடம் யாருமே வராத மதியங்கள் உண்டு.

மனைவி இருந்தவரை இந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய வீட்டில் ஓர் ஆள் இருந்தது. அவள் போன பிறகு எண்ணுவது கூடிப்போனது. மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவாள், ஏழு நிமிடம் பேசுவாள். அதில் இரண்டு நிமிடம் மருந்து சாப்பிட்டேனா என்பதற்குப் போகும். சொந்த ஊர் பூதப்பாண்டி. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கல்யாணப் பத்திரிகை வருவதும் நின்றுவிட்டது. பம்பில் நிற்க அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு பெண் வருவாள். நாற்பது வயது இருக்கும், வேலையில் சுத்தம். 'சார், சில்லறை வேணும்' என்பதற்கு மேல் பேசமாட்டாள்.

ஆகவே நாலு மணிக்கு வருகிறவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் கடற்கரை ஊர்க்காரர், மீன்பிடிக்கிறவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். சுனாமியில் அவருடைய பழைய வள்ளம் போனது. அதன் பிறகு இரண்டு மகன்களும் சேர்ந்து புதிதாக ஒன்று வாங்கினார்கள். மகன்களோடு அவரும் கடலுக்குப் போவார். வள்ளத்தின் என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் அதைக் கிளப்பப் பெட்ரோல் வேண்டும். இடம் மாறி மாறி வலை போடுகிறவர்களுக்கு ஒரு நாளில் எத்தனையோ தடவை என்ஜினை அணைத்துக் கிளப்ப வேண்டியிருக்கும். அதற்காக ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமை மட்டும் வரமாட்டார்.

காலிக் கேன் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று கண்டக்டர் ஒருமுறை இறக்கிவிட்டாராம். அதிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கடல் தண்ணீரில் கேனைக் கழுவி, துணிப்பையில் போட்டு எடுத்துவருவார். அந்தத் தண்ணீர் வடியவேண்டுமே. மூடியைக் கழற்றி, சுற்றுச்சுவரின் மேல் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அலுவலக அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் சாலையைப் பார்த்து உட்காருவார். நானும் உட்காருவேன். கேன் வடிய ஆகும் நேரம் பதினோரு நிமிடம். பிறகு நான் போய் நிரப்பிக் கொண்டுவருவேன். அவர் ஊர் மீன் வியாபாரி ஒருவர் மொபெட்டில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார்.

"என்ன மொதலாளி, இன்னைக்கு எத்தன வண்டி எண்ணினீரு?" என்பதுதான் அவர் முதல் பேச்சாக இருக்கும்.

"நூத்தி பன்னெண்டு."

"நான் நாப்பது நெத்திலி எண்ணினேன். ஒம்ம பாடு பரவாயில்ல ஓய்."

இவ்வளவுதான். நாள் முழுவதற்கும் எனக்கு இருந்தது அந்தப் பதினோரு நிமிடம்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும், எண்ணெய் கம்பெனியின் விற்பனை அலுவலர் ஒரு திட்டத்தோடு வந்தார். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தனி பம்ப் வைக்கிற பங்க்குகளுக்கு ஊக்கத்தொகை. பம்ப் இயந்திரம் இலவசம். நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்து உள்பூச்சு பூசும் செலவில் பாதி கம்பெனியுடையது. மூன்று வருடத்துக்கு லிட்டருக்குக் கமிஷன் சற்றுக் கூடுதல். நிபந்தனை ஒன்றுதான். மாதத்துக்கு இத்தனை லிட்டர் அந்த பம்பில் விற்க வேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் கொடுத்ததையெல்லாம் திருப்பித் தரவேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். எத்தனாலுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் பட்டால் அது அடியில் போய் ஒதுங்கிக் கிடக்கும். எத்தனால் கலந்ததில் பட்டால், தண்ணீர் அந்த எத்தனாலையும் இழுத்துக்கொண்டு கீழே போய்த் தனி அடுக்காக நிற்கும். அரைக் குவளை தண்ணீர் அரை லிட்டர் கோளாறாகிவிடும். அலுவலரிடம் இதைச் சொன்னேன். "தொட்டிக்குள்ள தண்ணி எறங்காம பாத்துக்கிடுங்க சார், அவ்வளவுதான்" என்றார். மகளிடம் கேட்டேன். "சும்மா வருதுல்ல, போடுங்கப்பா" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

பம்ப் வந்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல என்ன கலந்திருக்குங்கியரு?"

"எத்தனால். கரும்புல இருந்து எடுக்குற சரக்கு."

"அப்ப சாராயம்னு சொல்லும். என்ஜின் நேரா போவுமா, ஆடி ஆடிப் போவுமா?"

"ஒமக்கு இது ஆகாது ஓய். ஒம்ம கேன்ல எப்பவும் தண்ணி கெடக்கும். பிரிஞ்சிரும். ஒமக்குப் பழைய பம்ப்தான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீரு பாத்து ஊத்தும்" என்றார்.

புது பம்பை மக்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். மைலேஜ் குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் அளவை எட்டவில்லை, இரண்டாம் மாதமும் எட்டவில்லை. மூன்றாம் மாதத்தின் கடைசி நாள் மதியம் கணக்குப் பார்த்தபோது நாற்பத்தாறு லிட்டர் குறைந்தது. பம்பில் நிற்கும் பெண், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று மணிக்கே போய்விட்டாள். நானே சாலையோரம் நின்று, வந்த மோட்டார் சைக்கிள்களைக் கைகாட்டிப் புது பம்புக்கு அனுப்பினேன். நாலு மணிக்குப் பத்தொன்பது லிட்டர் குறைந்தது.

அவர் வந்தார். அன்றைக்கு மொபெட்காரர் முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தார். சந்தைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்.

"வடிய வேண்டாம் ஓய், அப்படியே ஊத்தும். தண்ணி அடியிலதான கெடக்கும், கடைசிக் கொஞ்சத்த நான் ஊத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

கேனை வாங்கினேன். நடக்கும்போது உள்ளே தண்ணீர் ஆடுவது கையில் தெரிந்தது. பழைய பம்புக்கு இடதுபக்கம் ஒன்பது எட்டு நடக்க வேண்டும். புது பம்புக்கு வலதுபக்கம் பதினொன்று. நான் வலதுபக்கம் போனேன். ஐந்து லிட்டர் பிடித்து மூடியை இறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கேனைப் பார்க்கவே இல்லை. "நாளைக்கு வாறேன்" என்று மொபெட்டில் ஏறினார்.

இரவு கடையடைக்கும்போது அளவுக்கு மேல் ஆறு லிட்டர் விற்றிருந்தது. அந்த ஐந்து இல்லாமலே எட்டியிருப்பேன். ஒரு லிட்டர் மிச்சமும் இருந்திருக்கும்.

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாவது நாள் இளைய மகன் மோட்டார் சைக்கிளில் புதுக் கேனோடு வந்தான். வந்தவன் நேரே பழைய பம்பின் முன்னால் நிறுத்தினான்.

"அப்பா வரலியா மக்கா?"

"அப்பாவ இனி கடலுக்குக் கூட்டிட்டுப் போவல சார்" என்றான். "அன்னைக்கு ரெண்டு தடவ என்ஜின் எடுத்துது, அதுக்குப் பெறவு எடுக்கல. கேன்ல பாத்தா அடியில அரை லிட்டருக்கு வேற என்னமோ நிக்கி. நாலு மணி நேரம் கெடந்தோம், காத்து வேற தள்ளுது. பெறவு ஒரு வள்ளக்காரன் பாத்து கயறு போட்டு இழுத்துட்டு வந்தான்."

"ஆருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. அப்பா கேன நல்லா வடிய விடல. அவரே ஒத்துக்கிட்டாரு. வயசாயிட்டு சார், கை நிதானம் இல்ல. கரையில எல்லாரும் கடல்தண்ணி பெட்ரோலுன்னு கேலி பேசுதானுவ."

நான் ஐந்து லிட்டர் ஊற்றினேன். அவன் போனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பத்தொன்பது நாள் சொல்லாமல் இருந்தேன். மகன் வருவான், நிரப்புவான், போவான். நாலு மணி பஸ் நிற்கும், யாரும் இறங்கமாட்டார்கள். நான் பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே இருந்தேன். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் மாத அளவை எட்டியதற்குப் பாராட்டு, ஊக்கத்தொகை தொடரும் என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு நாட்குறிப்புக்குள் வைத்தேன். ஒரு மனிதரைக் கரையில் உட்காரவைத்துவிட்டு வாங்கியது என்று அந்தக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. மறுபக்கம், இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒருவருக்கும் காயமில்லையே என்றும் தோன்றியது. அவருக்கு அறுபத்து நாலு வயது. வள்ளத்தில் இடமில்லை என்றால் அவர் வேறு எங்கே போவார் என்பதை மட்டும் நான் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இருபதாவது நாள் பம்பில் கயிறு கட்டி, அறையைப் பூட்டிவிட்டு, அந்தப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவருடைய ஊருக்குப் பஸ் ஏறினேன். பங்க்கைப் பகலில் மூடியது மனைவி இறந்த அன்றைக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

அவர் கோவிலுக்குப் பின்னால், வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்து அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மகன்கள் சற்றுத் தள்ளி வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஓய், பங்க்க ஆருட்ட விட்டுட்டு வந்தீரு?"

"பூட்டிட்டு வந்தேன்."

"பூட்டிட்டா? அப்ப இன்னைக்கு வண்டிய ஆரு எண்ணுவா?"

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு ஒமக்குப் புது பம்புல இருந்துதான் ஊத்தினேன்."

அவர் கையிலிருந்த ஊசி நின்றது.

"மாறிப் போச்சா?"

"இல்ல. தெரிஞ்சுதான் ஊத்தினேன். உள்ள தண்ணி கெடந்ததும் தெரியும்."

"எதுக்கு?"

"மாசக் கடைசி. பத்தொம்பது லிட்டர் கொறஞ்சுது. எட்டலைன்னா கம்பெனிக்காரன் குடுத்ததத் திருப்பிக் கேப்பான்."

அவர் வள்ளத்தின் பக்கம் திரும்பி, "ஏலே மக்கா, இங்கன வா" என்று மூத்தவனைக் கூப்பிட்டார். அவன் ஈரக்கையோடு வந்து நின்றான். "எனக்குச் சொன்னத அவனுக்கும் சொல்லும்" என்றார் என்னிடம்.

சொன்னேன். முதல் தடவையைவிட அது கடினமாக இருந்தது.

"அப்ப அப்பா செஞ்சது இல்லியா?" என்றான் அவன்.

"இல்ல. தண்ணி எப்பவும் கெடக்கதுதான். கெட்டுப்போனது என்னாலதான்."

"மூணு பேரு கெடந்தோம் சார், நடுக்கடல்ல." அவன் குரலை உயர்த்தவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தம்பியிடம் ஏதோ சொன்னான். தம்பி என் பக்கம் பார்க்கவேயில்லை.

"நாளைக்கே ஏத்திக்கிடுவானுவ" என்றார் அவர். ஊசியை மறுபடி எடுத்தார். "அஞ்சு லிட்டருக்கா, ஓய்."

அப்போது ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "ஒமக்கு ஊத்தாம இருந்தாலும் எட்டியிருக்கும். ஒரு லிட்டர் கூடவே வந்திருக்கும்."

அவர் மெல்லச் சிரித்தார். "அதையும் எண்ணிப் பாத்துட்டீரா?"

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஒப்பந்தத்தை நான் முறிக்கவில்லை. மூன்று வருடமும் அந்த பம்பை ஓட்டினேன், ஊக்கத்தொகையும் வந்தது. பின்னாளில் எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிட்டது, தனி பம்ப் தேவைப்படவில்லை. அதற்குள் எனக்கும் பங்க்கை விற்கும் எண்ணம் வந்துவிட்டிருந்தது.

அவர் வந்தாரா என்றால், வந்தார். நான் கரைக்குப் போய் வந்த எட்டாம் நாள் நாலு மணி பஸ்ஸில் இறங்கினார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, மறுபடியும் கடலுக்குப் போகிற முகம். நான் அறைக்குள்ளிருந்து வேகமாக வந்து, அவர் கையிலிருந்த கேனை வாங்கி, மூடியைக் கழற்றிச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்தேன். பெஞ்சை மேல்துண்டால் துடைத்தேன்.

"அது காஞ்சதுதான் ஓய்" என்றார். "ராத்திரியே கழுவி, பகலெல்லாம் வெயில்ல போட்டுக் காயவச்சிக் கொண்டாந்திருக்கேன். எடுத்து ஊத்தும்."

கேனை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. என்னோடு இடதுபக்கம் ஒன்பது எட்டு நடந்துவந்து, பழைய பம்பின் குழாய் கேனுக்குள் இறங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தில் எண் நின்றதும் மூடியை அவரே இறுக்கினார்.

"இன்னைக்கு எத்தன வண்டி?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். எண் தயாராக இருந்தது. தொண்ணூற்று நாலு.

"வாறேன்" என்றார். மொபெட்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் சாலையைக் கடந்து, எதிரே இருந்த பூவரச மரத்தடியில் நின்று காத்திருந்தார்.

எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மரத்தடியில் ஒன்பது நிமிடம் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.