தவமணி அக்கா உடுத்திய வெள்ளைச் சேலை

குலசிங்கம் அண்ணன் தொலைபேசியில் பேசுகிறவர் அல்ல. மணி அடித்தால் எடுத்து மனைவி தவமணி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று காலை அவர் குரலே நேராக வந்ததும் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. "விடியப்புறம் அவ மோசம் போயிட்டா, பிள்ளை" என்றார். அக்கா இறந்துவிட்டார்.

தவமணி அக்காவை உங்களில் பலர் இங்கே கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள். பசியோடு வந்த தமிழ் மாணவர் யாரையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. அந்த ஆய்வுகூட வேலைக்கு அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது தெரிந்தவர்கள் குறைவு. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், சென்னையிலிருந்து கடல் கடந்து இங்கே நர்ஸ் வேலைக்கு வந்த நான் அவர்கள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அக்கா யாழ்ப்பாணத்தில் ரசாயனம் கற்பித்தவர். சம்பளமில்லாத விடுப்பில் கணவரிடம் வந்திருந்தார். விடுப்பு முடிவதற்குள் இங்கே வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவரால் முடியாது. அண்ணன் அதற்கு "உம்மட விருப்பம்" என்று இரண்டே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மனிதர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நான் மனத்துக்குள் திட்டினேன்.

அண்ணனிடம் இருந்த ஒரே வாகனம், பக்கத்தில் ஆள் உட்காரும் சைட்கார் பூட்டிய பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள். அதில் எண்ணெய் ஒழுகும். ஆங்கிலேய வண்டி ஒழுகாவிட்டால்தான் பயப்பட வேண்டும், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பார் வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் தாத்தா. ஆய்வுகூட வேலையின் முதல் நேர்முகத் தேர்வுக்கு அக்கா அதில்தான் போனார். ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபோது நீலச் சேலையின் வலது தோளெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டார். மறுநாள் தொலைபேசியில் காரணத்தை ஒளிக்காமல் சொன்னதும், அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் வண்டிக்கு அடியில் கிடந்தார். எண்ணெய் சொட்டியது கீழே, செயின் மூடியின் ஓரத்தில். ஆகவே அதைக் கழற்றினார், கசிவை அடைக்கும் கேஸ்கெட் புதிதாக வைத்தார், போல்ட்டுகளை இறுக்கினார். ஓட்டிவிட்டு வந்தால் மறுபடி சொட்டியது. மறுபடி இறுக்கினார். அக்கா குசினி என்கிற சமையலறையின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கீழ ஒழுகிற எண்ணெய் என்ரை தோளுக்கு ஏறி வராது. இது மேலயிருந்து வருது." கசிகிற இடம் ஈரமாய்த் தெரியட்டும் என்று அண்ணன் முகப்பவுடரை என்ஜினில் தூவியும் பார்த்திருந்தார். ஆனால் ஊரைச் சுற்றிவிட்டு வந்து பார்ப்பார். அதற்குள் எல்லா இடமும் நனைந்திருக்கும். "எல்லாம் நனைஞ்சாப் பிறகு பாத்தா எல்லாம்தான் குற்றவாளி" என்றார் அக்கா. முதல் துளி தெறித்த உடனே வண்டியை நிறுத்த வேண்டும். வண்ணச் சேலையில் முதல் துளி கண்ணுக்குத் தெரியாது.

என்னிடம் நர்ஸ் பயிற்சிக் காலத்து வெள்ளைச் சேலை ஒன்று பெட்டியில் இருந்தது. அதைத்தான் கேட்டார். எனக்குத் திக்கென்றது. வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். துண்டைக் காற்று தூக்கிவிடும், திங்கட்கிழமை இருக்கப்போகிற மாதிரியே இருந்து பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிறு காலை அண்ணன் என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பவுடர் தூவித் தயாராக நின்றார். கரையில்லாத வெள்ளைச் சேலையோடு அக்கா வெளியே வந்தார். அண்ணனின் முகம் செத்துவிட்டது. "நான் உயிரோட இருக்கேக்க இது என்ன கோலம்?" என்றார்.

"நீங்கள் உயிரோட இருக்கிறபடியாத்தான் உடுத்தனான். இல்லாட்டி வண்டியை ஆர் ஓடுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் முதல் துளி தெறித்ததுமே என்ஜினை நிறுத்தி, இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அக்காவின் தோளில் கடுகளவில் ஒரே ஒரு புள்ளி. பவுடர் முழுக்க வெளுப்பாகவே இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. என்ஜினின் தலைக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய் பூட்டியிருக்கும் இடம் ஈரமாக இருந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய் காற்றில் கொஞ்சம் தெறித்து, மிச்சம் பின்பக்கமாக வழிந்து செயின் மூடியில் போய்ச் சொட்டியிருக்கிறது. பாவம், அந்த மூடி சும்மா பழி சுமந்தது.

அங்கே இருந்த செப்பு வாஷர்களைக் கழற்றி அக்கா குசினிக்குக் கொண்டுபோனார். காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். "இறுக்க இறுக்கச் செம்பு கல்லாப் போகும். ஒருக்காச் சூடு காட்டினா இளகிக் குடுக்கும்" என்றார். வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னார், ஆனால் பார்வை அண்ணன் பக்கம் இருந்தது.

திங்கட்கிழமை சேலையில் ஒரு புள்ளி இல்லை. வேலை கிடைத்தது, அக்கா தங்கிவிட்டார். கதை அவ்வளவுதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அக்கா மிச்சத்தைச் சொன்னார். முந்தின நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத மனிதர், ஆய்வுகூட வாசலில் அவரை இறக்கிவிட்டு, ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டே, "வேலை கிடைக்காட்டியும் போகாதையும்" என்றாராம். "எண்ணெய் ஒழுக்கைக் கண்டுபிடிக்கிறது லேசு. அந்த மனிசன்ரை வாயிலயிருந்து அதை எடுக்கத்தான் எனக்கு ஒரு வருசம் போச்சு" என்று சொல்லிவிட்டு இருமினார். வேலைக்குத் தேறாமல் போனாலும் தங்குவது என்று அந்த வாசலிலேயே முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்: ஒருவர் போய்விடக் கூடாது என்று மனது நினைத்தால், அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நானும் அண்ணனைப் போல அழுத்தக்காரிதான். ஆனாலும் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்கக்கா" என்றேன்.

கண்ணை மூடியபடியே, "கேட்டுது, பிள்ளை" என்றார்.