நீக்கப்பட்ட பதினேழாம் கேள்வி

சர்ச்சும் பள்ளிவாசலும் சேர்ந்து நடத்திய வேத விவாதத்தைப் பதிவு செய்யக் கோர்ட்டம்மாவை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டால், இரண்டு தரப்புக்கும் அவள் மேல் ஒரே அளவு நம்பிக்கை என்று நோட்டீசில் போட்டிருந்ததைக் காட்டுவார்கள். சுத்தப் பொய். இரண்டு தரப்புக்கும் அவள் மேல் இருந்தது ஒரே அளவு அவநம்பிக்கை.

முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். சாட்சி தும்மினால் அதையும் எழுதிவிடுவாள் என்று வக்கீல்கள் கேலி செய்வார்கள். பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். கட்டிக்கொண்டது ஒரு முஸ்லிமை, லிஃப்ட் மெக்கானிக். அவளும் மாறவில்லை, அவரும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போனாள், மற்ற ஐந்து நாளும் இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். குழந்தை இல்லை. பிள்ளை எந்தப் பக்கம் என்கிற சண்டை அதனால் மிச்சம். அவர் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பதிவு செய்ய வரச் சொல்லி அவள் வீட்டுக்குக் கேட்க வந்தவர்களும் சேர்ந்தே வந்தார்கள். சர்ச் பக்கத்துக்கு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், பள்ளிவாசல் பக்கத்துக்கு இரும்புக்கடைக்காரர். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து டீ குடித்ததே அவளுக்கு உறுத்தியது.

"நீங்க எங்க ஆளு. ஆனா அவங்க வீட்டுல வாழ்ந்தவங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எங்க வீட்டுல வாழ்ந்தவங்கதான். ஆனா கடைசி வரைக்கும் எங்க பக்கம் வரலியே" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"சரி, அதனால?"

"அதனால ரெண்டு பேருமே உங்களைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துப்போம். அதுதாம்மா பாதுகாப்பு" என்றார் இரும்புக்கடைக்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு மரியாதையாக யாரும் அவளைச் சந்தேகப்பட்டதில்லை. ஒப்புக்கொண்டாள். பதினொரு நிபந்தனை கொண்ட ஒப்பந்தத்தில் ஒன்பதாவது அவளுக்கானது: பதிவு செய்பவர் எந்த வகையிலும் விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது. அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாள். முப்பத்தோரு வருஷம் அவள் பிழைத்ததே அப்படித்தான். கொலைகாரன் கண்ணெதிரே புளுகியிருக்கிறான். அவள் புருவத்தைக்கூட உயர்த்தாமல் எழுதியிருக்கிறாள்.

விவாதம் மூன்று நாள், வாடகை மண்டபத்தில். சர்ச் பக்கம் பேச ஒரு போதகர், பள்ளிவாசல் பக்கம் பேச ஒரு மௌலவி. மேடைக்குக் கீழே அவளுக்கு மேசை. இடது தோளுக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர், வலது தோளுக்குப் பின்னால் இரும்புக்கடைக்காரர். சுருக்கெழுத்து இரண்டு பேருக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அவள் பென்சில் போகிற இடமெல்லாம் நான்கு கண்ணும் கூடவே போயின. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால், எதை விட்டாள் என்று இவர் குனிவார். தண்ணீர் குடித்தால், யாருக்குச் சைகை காட்டுகிறாள் என்று அவர் குனிவார். ஒருமுறை பென்சில் முனை உடைந்து, போதகர் பேச்சில் அரை நிமிஷம் தடைபட்டது. அன்று சாயங்காலம் இரண்டு பேருமே பென்சிலை வாங்கிப் பார்த்தார்கள்.

முதல் நாள், கடவுள் ஒருவரா, மூவராய் இருக்கும் ஒருவரா என்பது. இரண்டாம் நாள், சிலுவையில் இறந்தது நடந்ததா இல்லையா என்பது. மூன்றாம் நாள், பழைய வேதத்தைப் படியெடுத்து எழுதியவர்களின் கை அதை மாற்றிவிட்டதா என்பது. மாற்றிவிட்டது என்று மௌலவி மூன்று மணி நேரம் ஆதாரம் அடுக்கினார். ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று போதகர் மூன்று மணி நேரம் ஆதாரம் அடுக்கினார். இரண்டு பேரும் படித்தவர்கள், பேச்சில் மன்னர்கள். எந்தக் கேள்விக்கும் பிடி கொடுக்காமல், அதே சமயம் பதில் இல்லாமலும் விடாமல் பேசுகிறவர்கள். கடைசியில் கூட்டத்திலிருந்து பெட்டியில் போட்ட சீட்டுகளை எடுத்துப் படித்தார்கள். பதினேழாவது சீட்டு இப்படி இருந்தது:

"ஆளுக்கொரு மதத்தில் இருந்துகொண்டு, முப்பது வருஷம் ஒரே வீட்டில் உண்மையாக வாழ்ந்த கணவனும் மனைவியும், இறந்த பிறகு ஒருவரையொருவர் பார்ப்பார்களா?"

போதகர் மைக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"தெரியலீங்க" என்றார்.

மௌலவி முறை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "படைச்சவனுக்குத்தான் வெளிச்சம். எனக்கும் தெரியாது" என்றார்.

கோர்ட்டம்மா இரண்டையும் எழுதினாள். இரண்டுக்கும் கீழே ஒரு கோடு இழுத்தாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டை எழுதியது அவள்தான். மத்தியான இடைவேளையில், கழிவறைக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்து, கையெழுத்துத் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினாள். பரலோகம் என்று எழுதினால் ஒரு பக்கம் தெரிந்துவிடும், மறுமை என்று எழுதினால் இன்னொரு பக்கம் தெரிந்துவிடும் என்று, இறந்த பிறகு என்று எழுதினாள். திருடுகிறவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பெட்டியில் போட்டாள்.

ஏன் எழுதினாள்? முப்பது வருஷமும் புருஷன் மேல் அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. வேறு பெண்ணா, குடியா, அதெல்லாம் கிடையாது, மனிதர் தங்கம். அவர் தொழுது முடித்துக் கையேந்தும்போது, இவள் நம் பக்கம் வந்துவிட வேண்டும் என்று கேட்கிறாரோ என்பதுதான் சந்தேகம். உதடு அசைவதை அடுப்படியிலிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பாள். சாட்சிகளின் உதட்டைப் பார்த்தே பாதி வாக்கியத்தை எழுதிவிடுகிறவளுக்கு அந்த உதடு மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எனக்காக என்ன கேக்குறீங்க?"

"உன் முட்டிவலி போகணும்னு."

"அது மட்டுமா?"

"கோர்ட்டுல வக்கீல் கேக்குற மாதிரி நீ வீட்டுல கேக்காத."

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் ஒரு வாரம் போகவில்லை. நான் நானாக இருப்பது இவருக்குப் போதவில்லையா என்கிற கோபம். இத்தனைக்கும் அவளும் யோக்கியம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மண்டியிட்டு, அந்த மனுஷனை எப்படியாவது இந்தப் பக்கம் கொண்டுவாரும் ஆண்டவரே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் கேட்டால் அன்பு, அவர் கேட்டால் சூழ்ச்சி. அவர் போன பிறகு, முட்டிவலியும் அப்படியே இருக்கிறது, கேள்வியும் அப்படியே இருக்கிறது.

விவாதம் முடிந்த அன்று நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டு வேதமும் கரைத்துக் குடித்த இரண்டு பேர், இல்லை என்று சொல்லவில்லையே! அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரே ராத்திரி. காலையில் பல் தேய்க்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாள் எதற்கும் தெரியாது என்று சொல்லாத வாய்கள் இதற்கு மட்டும் ஏன் சொல்லின? கூட்டத்துக்குப் பயந்தா? ஒருவர் சொன்னதால் மற்றவரும் சொன்னாரா? பத்து நாள் தட்டச்சு செய்தபோது அந்தப் பக்கம் வருகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தேகம் அரித்தது.

கையெழுத்துப் போட மண்டபத்து மாடி அறையில் கூடினார்கள். மேசையின் ஒரு பக்கம் ஹெட்மாஸ்டரும் போதகரும், மறுபக்கம் இரும்புக்கடைக்காரரும் மௌலவியும், நடுவில் அவள். இருநூற்றுப் பதினான்கு பக்கம். கமாவுக்குக்கூடச் சண்டை போட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கம் வந்ததும் ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தக் கேள்வி... பதில் கொஞ்சம் பலவீனமா இருக்கு. நம்ம போதனை என்னவோ அதைத் தெளிவாப் போட்டுடலாமே."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் இரும்புக்கடைக்காரர். "எங்களுது ஒரு பாரா, உங்களுது ஒரு பாரா. முடிஞ்சுது வேலை."

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைப் பார்த்துக் கோர்ட்டம்மா அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். ஆனால் குறுக்கே விழுந்தது அவள் இல்லை. மௌலவி.

"அண்ணே, ஏட்டை மாத்திட்டாங்கன்னுதானே நான் அன்னைக்கு மூணு மணி நேரம் தொண்டை வத்தக் கத்தினேன்? இப்ப என் பேச்சையே மாத்தச் சொல்றீங்களே, எந்த மூஞ்சியோட சம்மதிப்பேன்?"

"நான் மட்டும் எப்படிச் சம்மதிப்பேன்?" என்றார் போதகர். "எங்க ஆளுங்க ஒரு புள்ளிகூட மாத்த மாட்டாங்கன்னு பேசினவன் நான்."

அமைப்பாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சொந்த ஆட்களே காலை வாரிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு, "கேள்வியே எனக்குச் சந்தேகமா இருக்கு. நம்மளை மடக்க யாரோ வேணும்னே போட்டிருக்காங்க. அந்தச் சீட்டை எடுங்க" என்றார்.

கோப்பிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள்தான். கொடுத்தாள். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனிதர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கோழி கிளறின மாதிரி எழுத்து. ஆனா இது என்ன, ஓரத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு?"

அப்போதுதான் அவளும் பார்த்தாள். அவளுடைய கோர்ட்டில் சாட்சியம் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எண் போட வேண்டும். முப்பத்தோரு வருஷப் பழக்கம். கடைக்குச் சாமான் எழுதினாலும், கல்யாண வாழ்த்து எழுதினாலும் அவள் கை தானாக எண் போட்டுவிடும். கையை மாற்றினாள், எழுத்தை மாற்றினாள், வார்த்தையைக்கூட மாற்றினாள். நான்கு வரிக்கும் நான்கு எண் போட்டதை மட்டும் கவனிக்கவே இல்லை.

ஹெட்மாஸ்டர் சீட்டை அவளுடைய குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். குறிப்பேட்டிலும் ஓரத்தில் வரிக்கு ஒரு எண்.

"கோர்ட்டம்மா... இது நீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இடது கை எழுத்துக்கு யார் சாட்சி? எண் போடுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் என்று சாதித்திருந்தால் பேரும் பிழைத்திருக்கும், கேள்வியும் பிழைத்திருக்கும். ஆனால் அத்தனை வருஷம் பொய்யை எழுதினாளே தவிர, சொல்லிப் பழக்கம் இல்லை.

"நான்தான்" என்றாள்.

"பாத்தீங்களா!" இரும்புக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, உங்க ஆளுன்னு!"

"எங்க ஆளா? உங்க வீட்டு மருமக!"

"உக்காருங்க" என்றாள் அவள். முப்பத்தோரு வருஷம் நீதிபதிகளிடம் கேட்டுப் பழகிய குரல் அது. "ஒன்பதாவது நிபந்தனை. பதிவு பண்றவ கலந்துக்கக் கூடாது. கலந்துக்கிட்டேன். தப்பு என்னுது. இது செல்லாத கேள்வி, நானே எடுத்துடுறேன்."

லேப்டாப்பைத் திறந்து கேள்வியையும் இரண்டு பதிலையும் அழித்தாள். அந்த இடத்தில், 'பதினேழாம் கேள்வி இரு தரப்பின் சம்மதத்துடன் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அடித்து, அச்செடுத்து நீட்டினாள். முணுமுணுப்பே இல்லாமல் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒரே பக்கம் அதுதான்.

அமைப்பாளர்கள் கோப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவரை நம்பி ஒருவர் விடாமல், ஜெராக்ஸ் எடுக்கக் கீழே இறங்கினார்கள். போதகரும் மௌலவியும் எழுந்திருக்கப் போனார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள். குறிப்பேட்டை மூடினாள். "பதிவுலேருந்து எடுத்தாச்சு. கூட்டம் இல்ல, மைக் இல்ல. நான் எழுதவும் போறதில்ல. அன்னைக்குச் சொன்னது நெசமா, மேடைக்காகவா?"

இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு அவளுடைய கைப்பையைப் பார்த்தார்கள். உள்ளே ரெக்கார்டர் ஏதாவது இருக்குமோ என்று பார்க்கிறார்கள் என அவளுக்குப் புரிந்தது. பையைக் கவிழ்த்துக் காட்டினாள். சாவி, கைக்குட்டை, முட்டிக்குத் தடவும் களிம்பு.

"எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் தெரியும்மா" என்றார் போதகர். "ஆனா எழுதினவங்க அந்த ஹால்லதான் எங்கேயோ உக்காந்திருக்காங்கன்னு தோணுச்சு. வாய் வரல."

"என்ன பதில் அது?"

அவர் தரையைப் பார்த்தார். பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அந்தப் பதில் என்று அவளுக்குப் புரிய அதுவே போதுமாயிருந்தது.

"நீங்க?"

மௌலவி மென்று விழுங்கினார். "இவரு தெரியலைன்னு சொல்லிட்டாரு. நான் தெரியும்னு ஆரம்பிச்சா நான்தானே கல்நெஞ்சுக்காரன்? அதான்... மன்னிச்சுக்கங்கம்மா. வீட்டுக்குப் போயும் யோசிச்சேன், பொய் சொல்லிட்டேனோன்னு. அதுக்கும் பதில் கெடைக்கல."

அவள் தலையாட்டினாள். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அழுகை வரும் என்று பயந்தாள். வந்தது வேறு.

இவர்களுக்குத் தெரிந்த பதில் புருஷனுக்கும் தெரிந்துதானே இருந்திருக்கும்? இவள் தன் பக்கம் வராவிட்டால் இறந்த பிறகு இவளைப் பார்க்கவே முடியாது என்று நம்பிய மனுஷன், கையேந்தி வேறு எதைக் கேட்டிருக்க முடியும்? ஞாயிறுதோறும் அவள் கேட்டதும் அதற்காகத்தானே?

படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக இறங்கினாள். முப்பது வருஷம், அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றவள், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நாள்கூட விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கேட்டாரா என்பது மட்டும் இனி தெரியப்போவதில்லை.