ஜும்ஆ நேரத்து கம்பைல்

போன வெள்ளிக்கிழமை மேலப்பாளையம் வழியாக பஸ்ஸில் போகும்போது மதியத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. மடியில் கிடந்த என் விரல்கள் தாமாகவே எதையோ தட்டத் தொடங்கின. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பாங்கு கேட்டால் எனக்கு கம்பைல் போடத் தோன்றும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

படித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்தபோது, மைதீன் பாய் தன் பிரவுசிங் சென்டரில் சேர்த்துக்கொண்டார். அத்தரும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்து மணக்கும் சின்ன அறை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்தில் ஓடுபவை. உலகமே அதைக் கைகழுவிவிட்டது. புதிதாக எதைப் போட்டாலும் அந்தக் கிழங்களுக்கு மூச்சு வாங்கும்.

தெருவில் பேச்சு கிளம்பியது. "பாய் கடையில பென்டிரைவ சொருவாதீங்க, வைரஸ் போட்டோவெல்லாம் தின்னுருது." பொய்யும் இல்லை. சவுதியில் இருக்கும் கணவருக்குப் படம் அனுப்ப வரும் பெண்கள் வேறு கடை தேடிப் போனார்கள்.

"இப்படியே போச்சுன்னா ரமலானோட சட்டர இறக்கிர வேண்டியதுதாம்லே" என்றார் பாய்.

கடைகளில் விற்கும் வைரஸ் ஒழிப்பான்கள் எக்ஸ்பியைச் சீண்டுவதில்லை. மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருந்த இலவச ஒழிப்பான் ஒன்று இருந்தது. அதை எங்கள் மெஷினுக்குத் தக்கபடி நானே கட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அந்த வயதின் திமிர், வேறென்ன! திருத்திய நிரலை மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற கம்பைல் போட்டால், அது முடியும்வரை மெஷின் வேறெதற்கும் அசையாது. அதனால் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரம்தான் கிடைத்தது. பாய் தொப்பியை மாட்டி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். திரும்பி வந்து குனிந்து நுழையும்போதே, "என்னலே, தேறுதா?" என்பார்.

பெரும்பாலும் தேறாது. எக்ஸ்பியில் இல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டு பாதியில் நின்றிருக்கும். ஓட்டை ஆங்கிலத்தில் இணையக் குழுவில் புலம்புவேன். முகம் தெரியாத ஒரு போலந்துக்காரர் பொறுமையாகப் பதில் எழுதுவார். அவருக்கு என்ன வந்தது, சொல்லுங்கள்? இன்றும் அவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை தேறியேவிட்டது. எல்லா மெஷினிலும் ஓட்டினேன். வைரஸ்களோடு தமிழ் டைப்பிங் மென்பொருளையும் அது தூக்கி எறிந்துவிட்டது. நாம் தட்டும் எழுத்தை இடைமறித்துத்தானே டைப்பிங் மென்பொருள் தமிழாக்குகிறது? என் காவல்காரன் அதை வேவுகாரன் என்று நினைத்துவிட்டான். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர் எதிரிலேயே, தட்டத் தட்ட ஆங்கிலமாக விழுந்தது.

"கள்ளனப் புடிக்கச் சொன்னா வீட்டுக்காரனயே புடிச்சுட்டியேலே!" பாய் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

அதைச் சரிசெய்த பிறகும் யாரும் நம்பி வரவில்லை. ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க நாலைந்து பேர் நிற்கும்போது, பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "எம்மவ கல்யாணப் போட்டோ பூரா இதுலதான் கெடக்கு. வேற எங்கனயும் இல்ல. சொருவு."

"பாய், முதல்ல வேற எடத்துல ஒரு காப்பி..."

"சொருவுலே."

சொருகினேன். படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மணப்பெண் எல்லாவற்றிலும் பத்திரமாக இருந்தாள். வரிசையில் நின்ற ஓர் அம்மா மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். கடை பிழைத்தது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாயும் காலமாகிவிட்டார். நான் பெரிய நிறுவனங்களின் தரவுகளுக்குக் காவல் இருக்கிறேன். வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் எல்லாரும் என்னிடம் தருகிறார்கள். அதுதான் முறை, நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இருந்த ஒன்றையே எடுத்து நீட்டியவர் அவர் ஒருவர்தான்.