பூட்டிய கொட்டகையில் ஈரம்

பினாங்கில், டத்தோ கிராமாட்டில் என் பக்கத்து வீட்டு மோகன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நேற்று விடிய விடிய மழை. காலையில் தன் பழைய காரின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

“குளிர்ந்தா ஒழுகுது அங்கிள், சூடானா நின்னுடுது. மெக்கானிக்கிட்ட கொண்டு போனா ஒண்ணுமே இல்லங்கிறான்லா” என்றான்.

“ஒரு ராத்திரி காரை அவன்கிட்டயே விட்டுட்டு வா” என்றேன்.

சொந்தமாகக் கார் வைத்திராத கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்திருப்பான். நான் யோசித்தது வேறு. ஈரமான ரப்பரும் துருவும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் சூசையண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் சின்னக் கிராணி. இன்றைக்குக் கிளார்க் என்கிறார்கள். வேலை அதேதான், நாற்காலிக்கு மெத்தை வந்திருக்கிறது. எங்கள் துரையின் கறுப்புக் காரை ஓட்டியவர் சூசையண்ணன். துரை மாடியில் இருக்கும் நேரமெல்லாம் அவர் கீழே படிக்கட்டோரம் நிற்பார். நான் வெற்றிலை போடுகிற சாக்கில் இறங்கிப் போய் அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். துரையின் பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு அவர் குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

துரைக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பளபளக்க வேண்டும் என்பது மட்டும்தான். அவர் எழுந்திருக்கும் முன்பே கொட்டகையில் கார் கழுவித் துடைத்து நிற்க வேண்டும். மழையில் நனையப்போகிற காரையும் கழுவித்தான் ஆக வேண்டும். அப்படி ஒரு சட்டம்.

அந்த வருஷக் கடைசியில் காலை நேரங்கள் குளிர்ந்தன. குளிர் என்றால் பினாங்குக் குளிர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாமாக நடுங்கிக்கொள்கிற குளிர். அந்த நாட்களில்தான் காரின் ரேடியேட்டரில் காலைதோறும் தண்ணீர் குறைந்திருந்தது. சூசையண்ணன் நேர்மையாகப் போய்த் துரையிடம் சொன்னார். அதுதான் அவர் செய்த பிழை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பேசாமல் ஊற்றி நிரப்பியிருந்தால் ஒருவனும் கேட்டிருக்கமாட்டான்.

எங்கள் ஆபீசில் பெரிய கிராணி ஒருவர் இருந்தார். நம்மவர்தான், தமிழர்தான். துரை தும்மினால் கைக்குட்டை எடுக்கிற ஜாதி. துரை விஷயத்தை அவரிடம் சொன்னதும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்: “ராத்திரியில கார வாடகைக்கு ஓட்டுறான் தொர. இல்லாட்டி தண்ணி எங்க போகும்?”

என்ன மூளை பாருங்கள். ஓடிய காரில்தான் தண்ணீர் குறையும், குறைந்திருக்கிறது, ஆகவே ஓடியிருக்கிறது. இதைக் கேட்டுத் துரை தலையாட்டினார். இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி மலாய்த் தோட்டக்காரர் பாக் மாட்டின் பொறுப்பில். விடியும் முன் அவர்தான் திறந்துவிட வேண்டும்.

பூட்டிய பிறகும் காலையில் தண்ணீர் குறைந்துதான் இருந்தது. புத்தியுள்ளவன் அங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பான். பெரிய கிராணி யோசித்தார். யோசித்து, “மாத்துச் சாவி செஞ்சு வச்சிருக்கான்” என்றார்.

சூசையண்ணன் கெஞ்சிக் கேட்டதால் காரைத் துரைமார் பட்டறைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவர் வழியில் ஏதும் தில்லுமுல்லு செய்துவிடாமல் பார்க்க என்னையும் உடன் அனுப்பினார்கள். கழுத்தில் டை கட்டிய ஒற்றன் நான். பட்டறை ஊருக்கு வெளியே. போய்ச் சேருவதற்குள் எஞ்சின் அடுப்பாய்க் காய்ந்துவிட்டது. பட்டறை மேலாளர் வாயில் புகையும் சுங்கானோடு குனிந்து பார்த்து, குழாய்களை விரலால் தொட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு, ஒழுக்கே இல்லை என்று சொல்லிவிட்டார். திரும்பவும் அனுப்பினார்கள், திரும்பவும் அதே சூடு, அதே பதில். காரை ஒரு ராத்திரி அங்கே குளிரவிட்டுப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துரை மறுநாள் எதில் போவார்?

வருஷம் முடிந்ததும் வேறு டிரைவர் என்று முடிவாகிவிட்டது. சூசையண்ணன் மனைவி பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குத் துரை குடும்பம் மலைக்குப் போனது. கீழே குளிர்வது போதாதாம்! சூசையண்ணன் அவர்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்து காரைக் கொட்டகையில் விட்டார். பாக் மாட் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் திருநாள், கார் கழுவும் வேலை இல்லை. அந்த வீட்டில் கார் கழுவாமல் விடிந்த காலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பண்டிகைச் சாப்பாட்டுக்குச் சூசையண்ணன் என்னை அழைத்திருந்தார். நான் போனபோது அவர் காலைப் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு சின்னப் போத்தலோடு வந்துகொண்டிருந்தார். கோயிலில் மந்திரித்த தீர்த்தம். அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் பண்டிகை நாளில் வண்டிமேல் தெளிப்பார்கள். தன்னைத் திருடன் என்கிறவனின் காருக்கும் தெளிக்க வந்திருந்தார், மனுஷன்.

பாக் மாட் பூட்டைத் திறந்தார். சூசையண்ணன் போத்தல் மூடியைத் திருகப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். காய்ந்த சிமெண்டுத் தரையில், காரின் மூக்குக்குக் கீழே, ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஈரம்.

“நான் இன்னும் தெளிக்கவே இல்லியே தம்பி” என்றார்.

பாக் மாட் என்னைப் பார்த்து, “ஆயர் டாரி மானா?” என்றார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. பூட்டியவர் அவர், திறந்தவரும் அவர்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் இந்த ஈரம் இங்கேதான் இருந்திருக்கிறது. துரையின் சட்டப்படி விடியும் முன்பே, இருட்டோடு இருட்டாக, சூசையண்ணனே அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார்.

சூசையண்ணன் வெள்ளைச் சட்டையோடே காருக்கு அடியில் படுத்துவிட்டார். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ரப்பர் குழாய், பித்தளை வாயில் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. துரு நிறம். எஞ்சினை ஓடவிட்டார். ரப்பர் சூடாகி உப்பி இறுகியதும் சொட்டு நின்றது. அணைத்துவிட்டு, நாங்கள் மூவரும் ஆப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டு, கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தோம். எஞ்சின் ஆறியிருந்தது. சொட்டு, சொட்டு.

அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கட்டிய மூட்டையை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

துரை மலையிலிருந்து இறங்கியதும், விடியற்காலையில் கொட்டகைக்கு ஒரு நடை வரும்படி சூசையண்ணன் கேட்டார். துரை விடியற்காலையில் கொட்டகைக்கெல்லாம் போவாரா? பெரிய கிராணியை அனுப்பினார். அவர் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, பாக் மாட் சொன்னதையும் கேட்டு, குனிந்து பார்த்து, தன் வெள்ளைச் சப்பாத்தில் ஒரு சொட்டும் வாங்கிக்கொண்டு சொன்னார்: “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல, சூசை?”

புதுக் குழாய் மாட்டினார்கள். தண்ணீர் குறைவது நின்றது. துரை ஆபீஸ் மாடியில் சூசையண்ணனைக் கூப்பிட்டுச் சிரித்தார். இனி ஒன்றும் இல்லை, வேலையைப் பார்க்கலாம் என்றார். பூட்டு மட்டும் இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு என்றார். அதைத் தமிழில் சொல்லச் சொன்னது என்னைத்தான். சொன்னேன்.

சூசையண்ணன் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஒரு ரப்பர் கொழா சாட்சி சொன்னாத்தான் நான் யோக்கியனா? அதுக்கப்புறமும் பூட்டா? தம்பி, இதத் தொரைக்குச் சொல்லு.”

பெரிய கிராணி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. துரையின் முகம் சிவந்தது. சூசையண்ணன் அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு படகேறி அக்கரைக்குப் போய், பாகான் டாலாமில் ஒரு பஸ் முதலாளியிடம் சேர்ந்தார்.

அந்தப் பங்களா இப்போது இல்லை; கொட்டகை இருந்த இடத்தில் அடுக்கு வீடு நிற்கிறது. துரைமார் போய்விட்டார்கள். பெரிய கிராணிகள் மட்டும் எப்படியோ புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறார்கள்.

மோகன் மூடியைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினான். தொழிற்சாலை வாசலில் தினமும் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

“உனக்குக் கோவம் வரலியாப்பா?” என்றேன்.

“எதுக்கு அங்கிள்?” என்றான்.