உறுதிமொழியில் ஏறிய இறைவன்

மொன்றியலில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அபூர்வமாக உருப்படியான வேலை ஒன்று வந்தது. கனடாக் குடியுரிமை எடுக்கிறவர்கள் நீதிபதிக்கு முன்னால் வலக்கையைத் தூக்கி, இங்கிலாந்து ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் விளங்கிச் சொல்லட்டுமே என்று அதைத் தமிழில் ஒரு தாளில் அடித்துக் கொடுப்பதாக முடிவாயிற்று. நாலே வரி. மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் அதிகம் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரித் தண்டனைகள் வழக்கம்.

தாளை முதலில் கேட்டவர் ஜான்-டலோன் சந்தையில் காய்கறி அடுக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். லண்டனில் இருந்த ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருகிற புதன்கிழமை உறுதிமொழி எடுத்தால்தான் பாஸ்போர்ட் கிடைத்து, நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

"விளங்காத ஒண்டையும் என்ர வாயால சொல்லமாட்டன் தம்பி. எழுதித் தாங்கோ" என்றார். இதைவிட நியாயமான வாசகரை நான் சந்தித்ததில்லை.

சனிக்கிழமை, கர்க்லாண்டில் தலைவர் வீட்டு பேஸ்மன்டில் கூட்டம். தலைவர் சைவப்பழம். செயலாளர் மன்னார்க் கத்தோலிக்கர், தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஆண்டு விழாவில் குத்துவிளக்கா மெழுகுதிரியா என்று வருடம் தவறாமல் முறைத்துக்கொள்ளும் இந்த இருவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றுபட்டார்கள்.

"கடவுளைக் காணேல்லையே" என்றார் தலைவர், என் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு.

"இங்கிலீசிலயும் இல்லை, அண்ணை."

"அவங்கள் மறந்தா நாங்களும் மறக்கிறதோ?"

"கடவுள் இல்லாத பிரமாணம் உப்பில்லாத கஞ்சி" என்றார் செயலாளர்.

"மொழிபெயர்க்கிறவனுக்குச் சுதந்திரம் வேணும் எண்டு விழா மலரில எழுதினது நீர்தானே?" என்று தலைவர் என்னை மடக்கினார்.

எழுதியது உண்மை. ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்ற துணிவில் எழுதியது.

கடவுள் வருவது உறுதியானதும், எந்தப் பெயரில் வருவது என்று தொடங்கியது சண்டை. தலைவருக்கு 'எம்பெருமான்' வேண்டும். செயலாளர் 'ஆண்டவர்' என்பதிலிருந்து அசையவில்லை. 'கடவுள்' என்று நான் சமரசம் பேசினேன். அது பகுத்தறிவுக்காரர்கள் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல் என்று இருவருமே ஒதுக்கினார்கள். வடைத் தட்டோடு இறங்கி வந்த தலைவரின் மனைவி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "உதுக்குள்ள ராணி நிக்க இடமிருக்கோ?" என்றார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே அர்த்தமுள்ள வசனம் அதுதான். கடைசியில் 'எல்லாம் வல்ல இறைவன் சாட்சியாக' என்று வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்த்து உயர்ந்த ஒரே கை என்னுடையது. மற்றக் கையில் வடை இருந்ததால் எதிர்ப்பில் அவ்வளவு வேகம் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை தாள் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை வாழ்த்துச் சொல்லச் சந்தைக்குப் போனேன். அக்கா கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, கனடாக்காரி ஆகியாச்சோ?"

"ஆர் போனது?" என்றார், தலை நிமிராமல். "இறைவன் சாட்சியாக எண்டெல்லோ தாளில கிடக்கு. மகள் வயித்தில பிள்ளையோட இருக்கேக்க நான் கடவுளை வைச்சுச் சத்தியம் பண்ணுறதோ? அந்த ராணியை நான் கண்ணாலயும் கண்டதில்லை. நாளைக்கு அவவுக்கு ஏதும் குறை வைச்சிட்டா, அது ஆரின்ர தலையில விடியும்?"

சத்தியம் பிழைத்தால் பிள்ளையைப் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஒருவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் சேர்த்து.

"அக்கா, அது நாங்கள் போட்ட இறைவன். அவங்கட பேப்பரில அவர் இல்லை. சத்தியம் எண்ட சொல்லும் வேண்டாமெண்டா, உறுதி சொல்லுறன் எண்டு மட்டும் சொல்லலாம். அதுக்கும் விடுகினம்."

"நீங்களாப் போட்டனீங்களோ? கடவுளை?"

"ஓம். வாக்கெடுத்து."

அக்கா ஒரு கத்தரிக்காயை எடுத்துத் துடைத்தார். பிறகு, "அங்க இல்லையெண்டது உண்மைதானோ?" என்றார்.

"சத்தியமா இல்லை அக்கா."

கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "உப்பிடிப் பொசுக்கெண்டு சத்தியம் பண்ணாதேங்கோ. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

குடியுரிமை அலுவலகத்துக்கு நானே போன் எடுத்தேன். பிரெஞ்சில் ஒரு இயந்திரமும் ஆங்கிலத்தில் இன்னொரு இயந்திரமும் என்னை மாறி மாறிக் காக்க வைத்தன. கடைசியில் வந்த மனிதக் குரல், வேறு திகதி தருவோம், எப்போது என்று சொல்ல முடியாது என்றது. குழந்தைக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

நடந்ததைக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், மனப்பூர்வமாகத்தான். அப்படியானால் அந்தச் சொற்களை எடுத்துவிடுவோம் என்றேன்.

"போடுறதுக்கு வாக்கெடுத்தம், சரி" என்றார் தலைவர். "கடவுளை எடுக்கிறதுக்கு ஆர் ஐசே கை தூக்கிறது?"

"'ஆண்டவர்' எண்டு போட்டிருந்தா அவ பயந்திருக்கமாட்டா" என்றார் செயலாளர்.

நான் மட்டும் கை தூக்கினேன். இந்த முறை மற்றக் கை வெறுமையாகத்தான் இருந்தது.

லண்டனிலிருந்து தபாலில் வந்த பேரனின் படத்தை, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு அக்கா எனக்குக் காட்டினார். மொட்டைத் தலையும் கோபமான முகமுமாக இருந்தான். புதுத் திகதி இன்னும் வரவில்லை.

"அடுத்த தாளிலயும் அவர் இருப்பாரோ, தம்பி?"

"கதைச்சுக்கொண்டிருக்கிறம், அக்கா" என்றேன்.