ஆறு சந்துகள்

1970 ஜூலை. தாம்பரத்தில் நான் படித்த கல்லூரிக்கு ஓராண்டு பாடம் நடத்த வந்திருந்த அமெரிக்க விரிவுரையாளர், சனிக்கிழமைகளில் விடுதி மைதானத்தில் தம் ஊர்க் கால்பந்தைக் கற்றுக்கொடுத்தார். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

எங்களுக்கு வாய்த்தது தடுக்கும் வேலை. எதிரணியில் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே நான்கு சந்துகள், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பந்துடன் வருபவன் இந்த ஆறில் ஒன்றில்தான் நுழைந்தாக வேண்டும். எங்களில் நால்வர் முன்வரிசை, இருவர் பின்னால், ஆளுக்கொரு சந்து. முன்னே ஐவரை நிறுத்தினால் பின்னே ஒருவர். வரிசை மாறலாம், கணக்கு மாறாது. பந்து எங்கே போனாலும் தன் சந்தை அடைத்த பிறகே நகர வேண்டும். கவசம் இல்லாததால் ஓடுபவனைத் தொட்டாலே போதும், மேலே விழக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

என் அறைத் தோழன் கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சடுகுடுவில் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். போலீஸ் வேலைக்கு ஆகஸ்டில் ஓட்டத் தேர்வு இருந்தது. அப்பா கடலோடு போன பிறகு அந்த வேலையைத்தான் வீடு நம்பியிருந்தது.

“இன்னா மச்சான், பந்து அங்க போவுது, நாம இங்க கம்பம் மாதிரி நின்னுகினு கீறோம்?”

“உன் சந்தைப் பாருடா.”

“பொறம்போக்குக்குக் காவலா போட்டுட்டான்பா நம்மள!”

வரிசையே சிரித்தது.

அன்று பந்து அவனுக்குப் பக்கத்துச் சந்தில் வந்தது. அவனால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். “புடிச்சிட்டான், அமுக்கு!” என்று யாரோ கத்த, முன்வரிசை முழுவதும் சந்துகளை விட்டுவிட்டு மேலே விழுந்தது. சின்ன வயதிலிருந்து ஆடிய ஆட்டம் அது. ஆனால் சடுகுடுவில் பாடி வருபவன் தனி ஆள். இங்கே பந்துடன் வந்தவனுக்கு வழி திறந்துகொண்டு வந்த ஐவரும் தடுமாறிச் சேர்ந்து விழுந்தார்கள். எல்லோருக்கும் அடியில் என் தோழனின் முழங்கால். பின்னால் என் சந்தில் நின்றிருந்த எனக்கு அது முறிந்த சத்தம் கேட்டது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது ஆகஸ்ட் முடிந்திருந்தது. கால் மடங்கவில்லை. படிப்பையும் விட்டுவிட்டுப் பெட்டியுடன் பஸ் ஏறினான்.

1973 பொங்கலுக்குப் பிறகு கோவளம் போனேன். கரையில் மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தான், மணலில் உட்கார்ந்து அந்தக் காலை நீட்டியபடி.

“நீ ஒருத்தன்தான் மச்சான் சொன்ன எடத்துல நின்னே.”

“நின்னு என்னடா ஆச்சு?”

“அதத்தான் நானும் கேக்குறேன். ஒருத்தன் நின்னா இன்னா ஆவும்?”

கட்டுமரம் ஒன்று அலையில் வந்தது. கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் அதை இழுக்க ஓடினார்கள். அவன் எழுவதற்கு இரண்டு கைகளையும் மணலில் ஊன்றினான். பிறகு எடுத்துவிட்டு, ஏலத்துக்கு நின்ற பெண்களிடம் அடுத்த கூடைக்கு விலை கேட்டான்.